பெர்த்தா பென்ஸின் 1888 நெடும்பயணம்

பெர்த்தா பென்ஸின் 1888 நெடும்பயணம் என்பது ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு 1888 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மேற்கொள்ளப்பட்ட தானுந்துப் பயணம் ஆகும். உள் எரி பொறியால் இயங்கும் தானுந்து ஒன்றில் மேற்கொள்ளப்பட்ட முதல் நெடுந்தொலைவுப் பயணமாக இது பரவலாகக் கருதப்படுகிறது. தானுந்தை உருவாக்கிய பொறியியலாளர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் ஆகிய இருவருடன், கணவருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் இப்பயணத்தை மேற்கொண்டார்.

பயணத்தின்போது எரிபொருள் தீர்ந்தது, எரிபொருள் குழாய் அடைபட்டது, மின்கம்பியின் காப்பு தேய்ந்தது, சங்கிலி பழுதுற்றது, பிரேக் கட்டைகள் தேய்ந்தன, மேடுகளில் வண்டி ஏற மறுத்தது. இவை அனைத்தும் வழியிலேயே, கைக்குக் கிடைத்த பொருட்களைக் கொண்டு சரிசெய்யப்பட்டன. வழியில் பொறி பழுதுபட்டால் அதைக் கண்டறிந்து சரிசெய்து பயணத்தைத் தொடர்வது என்னும் நடைமுறைக்கு நன்கு அறியப்பட்ட மிகப் பழைய எடுத்துக்காட்டு இப்பயணமே எனலாம்.

சுருக்கத் தகவல்கள்

* காலம்: 1888 ஆகஸ்ட் மாதத் தொடக்கம் (ஆகஸ்ட் 5 எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது)
* புறப்பட்ட இடம்: மன்ஹைம்
* சேர்ந்த இடம்: ஃபோர்ட்ஸ்ஹைம்
* தொலைவு: போகும்போது ஏறத்தாழ 104 முதல் 106 கி.மீ.; திரும்பும்போது ஏறத்தாழ 90 கி.மீ.
* வண்டி: பென்ஸ் காப்புரிமை மோட்டார் வண்டி, மூன்றாம் வகை
* பயணிகள்: பெர்த்தா பென்ஸ் (39 அகவை), ஆய்கன் (15 அகவை), ரிச்சர்ட் (13 அகவை)

பின்புலம்

பெர்த்தா 1849 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். கார்ல் பென்ஸ் மன்ஹைமில் ஆகஸ்ட் ரிட்டர் என்பவருடன் கூட்டாக ஒரு பட்டறை நடத்திவந்தார். கூட்டாளியின் பங்கை வாங்கி அவரை விலக்க வேண்டிய நிலை ஏற்பட்டபோது, பெர்த்தா தம் சீதனப் பணத்திலிருந்து உதவினார். அப்போது இருவருக்கும் திருமணம் நடந்திருக்கவில்லை. 1872 ஆம் ஆண்டு சூலை 20 ஆம் நாளே அவர்கள் மணம் புரிந்துகொண்டனர். ஆகவே தானுந்து உருவாக்கத்தில் பெர்த்தாவின் பங்கு 1888 இல் தொடங்கியது அன்று. முதல் முதலீட்டாளர்களுள் ஒருவராகவும் அவரைக் கொள்ள வேண்டும்.

1879 ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கார்ல் பென்ஸின் இரண்டு வீச்சுப் பொறி முதன்முறையாக ஒழுங்காக இயங்கியது. 1883 இல் பென்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1886 ஆம் ஆண்டு சனவரி 29 ஆம் நாள், எரிவளிப் பொறியால் இயங்கும் வண்டிக்கான காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தார். அக்காப்புரிமையின் எண் 37435. இந்த நாளே தானுந்தின் பிறந்தநாளாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

காப்புரிமை கிடைத்தபோதிலும் வண்டியை வாங்குவோர் இல்லை. அது மன்ஹைமின் தெருக்களிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டுமே ஓட்டிப் பார்க்கப்பட்டது. நெடுந்தொலைவு செல்லுமா, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது, குதிரைவண்டியைவிட இதில் என்ன சிறப்பு என்னும் வினாக்களுக்குச் செயல்முறை விடை எதுவும் அதுவரை இருக்கவில்லை. குடும்பத்தின் பணம் முழுவதும் இம்முயற்சியில் முடங்கியிருந்தது. இந்நிலையில்தான் பெர்த்தா, ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாயைக் காணச் செல்வது என்னும் காரணத்தை முன்னிட்டு இப்பயணத்தை மேற்கொண்டார்.

வண்டியின் அமைப்பு

வழியில் ஏற்பட்ட பழுதுகளைப் புரிந்துகொள்ள வண்டியின் அமைப்பை அறிவது இன்றியமையாதது.

* சக்கரங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று சக்கரங்கள். முன்சக்கரம் ஒரு கைப்பிடியால் திருப்பப்பட்டது.
* பொறி: பின்புறம் கிடையாகப் பொருத்தப்பட்ட, ஒற்றை உருளை கொண்ட நான்கு வீச்சுப் பொறி. 1886 ஆம் ஆண்டின் முதல் வண்டியில் இதன் கொள்ளளவு 954 கன செ.மீ., திறன் ஏறத்தாழ 0.75 குதிரைத்திறன். மூன்றாம் வகையில் பொறி பெரிதாக்கப்பட்டு, திறன் ஏறத்தாழ 2 குதிரைத்திறனாக உயர்த்தப்பட்டது. உச்ச வேகம் ஏறத்தாழ மணிக்கு 16 கி.மீ.
* எரிபொருள் அமைப்பு: தனியான எரிபொருள் தொட்டி கிடையாது. கார்புரேட்டரே தொட்டியாகவும் பயன்பட்டது. அதில் ஏறத்தாழ 4.5 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எரிபொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி காற்றுடன் கலந்து உருளைக்குள் சென்றது.
* தீமூட்டல்: மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் தூண்டுசுருள் ஒன்றினால் உயர் மின்னழுத்தமாக மாற்றப்பட்டு, தீப்பொறிச் செருகிக்கு அனுப்பப்பட்டது.
* குளிர்விப்பு: உருளையைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாவதன் மூலம் வெப்பம் வெளியேறியது.
* திறன் கடத்தல்: பொறியிலிருந்து இடையச்சுக்கு வார்ப்பட்டையும், இடையச்சிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சங்கிலிகளும் திறனைக் கடத்தின.
* பிரேக்: மரக்கட்டைகளைச் சக்கரத்தின் மீது அழுத்தி வண்டி நிறுத்தப்பட்டது.

புறப்பாடும் வழியும்

அதிகாலையில், கார்ல் பென்ஸ் உறங்கிக்கொண்டிருந்தபோது, மூவரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டனர். ஹைடல்பர்க், வீஸ்லொக், ப்ருக்சால் ஆகிய ஊர்களின் வழியாகத் தெற்கு நோக்கிச் சென்று, பின்னர் கிழக்கே திரும்பி மேட்டு நிலத்தின் வழியாக ஃபோர்ட்ஸ்ஹைமை அடைந்தனர். அக்காலச் சாலைகள் குதிரைவண்டிகளுக்கென அமைந்தவை. வழிகாட்டிப் பலகைகள், எரிபொருள் நிலையங்கள், பழுதுபார்க்கும் பட்டறைகள் எவையும் இல்லை.

அந்தி சாயும் வேளையில் மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைமை அடைந்தனர். பயணம் வெற்றியுடன் முடிந்ததைப் பெர்த்தா தந்தி மூலம் கணவருக்குத் தெரிவித்தார். வண்டி இடைவிடாமல் உச்ச வேகத்தில் ஓடியிருந்தால் 106 கி.மீ. தொலைவைக் கடக்க 7 மணிநேரத்திற்கும் குறைவாகவே ஆகியிருக்கும். அதிகாலை முதல் அந்தி வரை ஆனதைக் கொண்டு நோக்கினால், நீர் நிரப்புதல், பழுது நீக்குதல், மேடுகளில் தள்ளுதல் ஆகியவற்றில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை ஊகிக்கலாம்.

வழியில் ஏற்பட்ட பழுதுகளும் தீர்வுகளும்

1. எரிபொருள் தீர்தல்

கார்புரேட்டரில் இருந்த 4.5 லிட்டர் எரிபொருள் முழுத் தொலைவுக்கும் போதுமானதன்று. 100 கி.மீ. தொலைவுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் செலவாகும் எனக் கொண்டால், ஒருமுறை நிரப்பியதைக் கொண்டு ஏறத்தாழ 45 கி.மீ. மட்டுமே செல்ல இயலும். அக்காலத்தில் லிக்ரோயின் என்னும் பெட்ரோலியக் கரைப்பான் துணிகளில் படிந்த கறையைப் போக்குவதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. பெர்த்தா வீஸ்லொக் நகர மருந்துக் கடையில் நின்று அதை வாங்கி நிரப்பினார். இதனால் அம்மருந்துக் கடை 'உலகின் முதல் எரிபொருள் நிலையம்' எனப் பிற்காலத்தில் பெயர் பெற்றது. தொடர்ந்த வழியிலும் எரிபொருள் வாங்க நேர்ந்தது.

2. எரிபொருள் குழாய் அடைபடுதல்

எரிபொருளில் கலந்திருக்கும் தூசும் கசடும் குறுகலான குழாயில் தங்கினால், பொறிக்குச் செல்லும் கலவை குறைந்து பொறி திணறி நின்றுவிடும். எரிபொருளை வடிகட்டும் தனி உறுப்பு இல்லாத காலத்தில் இது எதிர்பார்க்கத்தக்க பழுதே. பெர்த்தா தம் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியைக் கழற்றி, அதைக் கொண்டு அடைப்பை நீக்கினார் எனக் கூறப்படுகிறது.

3. மின்கம்பியின் காப்பு தேய்தல்

உயர் மின்னழுத்தம் செல்லும் கம்பியின் காப்பு தேய்ந்து, கம்பி வண்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால், மின்சாரம் தீப்பொறிச் செருகியைச் சென்றடையாமல் இடையிலேயே கசிந்துவிடும். அப்போது எரிபொருள் இருந்தும் பொறி இயங்காது. பெர்த்தா தம் காலுறையைத் தாங்கும் மீள்பட்டையைக் கழற்றி, கம்பியின் மீது சுற்றிக் காப்பாகப் பயன்படுத்தினார் எனக் கூறப்படுகிறது. இத்தீர்வின் சிறப்பு, பழுது எரிபொருளில் இல்லை, தீமூட்டலில்தான் உள்ளது எனப் பிரித்தறிந்ததில் உள்ளது. இன்றும் பொறி திடீரென நின்றால் பழுதுபார்ப்போர் முதலில் ஆராய்வது இவ்விரண்டையே.

4. நீர் குறைதல்

ஆவியாதல் முறையில் குளிரும் பொறிக்கு நீர் இடைவிடாது தேவைப்படும். ஒரு லிட்டர் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 100 பாகை வரை சூடேற்ற ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிநிலையை எட்டிய அதே நீர் முழுவதும் ஆவியாக, மேலும் ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். எனவே நீர் கொதித்து வெளியேறுவது பெருமளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் நீர் மீள்வதில்லை. எடுத்துக்காட்டாக, உருளையிலிருந்து நீருக்குச் செல்லும் வெப்பம் 4 கிலோவாட் எனக் கொண்டால், மணிக்கு 6 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் ஆவியாகும். இதனால் பயணிகள் நின்ற இடங்களிலெல்லாம் கிடைத்த நீரை நிரப்பிக்கொண்டனர். நீர் முற்றிலும் தீர்ந்திருந்தால், உருளையும் அதனுள் இயங்கும் உந்தும் மிகைச் சூட்டினால் விரிந்து இறுகி, பொறி வழியில் சரிசெய்ய இயலாத வகையில் பழுதாகியிருக்கக்கூடும். மற்றப் பழுதுகள் பயணத்தைத் தாமதப்படுத்துபவை. இது ஒன்றே பயணத்தை முடித்துவிடக்கூடியது.

5. சங்கிலி பழுதடைதல்

புழுதியில் ஓடும் சங்கிலியின் முளைகளும் துளைகளும் தேய்வதால் சங்கிலி நீளும். நீண்ட சங்கிலி பற்சக்கரத்திலிருந்து நழுவும் அல்லது அறும். ப்ருக்சால் நகரில் ஒரு கொல்லர் சங்கிலியைச் சரிசெய்து கொடுத்தார். பயணிகள் தாமே செய்ய இயலாத பழுதுகளுள் இதுவும் ஒன்று.

6. பிரேக் கட்டைகள் தேய்தல்

இறக்கங்களில் தொடர்ந்து அழுத்தப்பட்டதால் மரக்கட்டைகள் விரைவில் தேய்ந்தன. பௌஷ்லொட் என்னும் ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் கூறி, கட்டைகளின் மீது தோலைப் பதித்து அடிக்கச் செய்தார் பெர்த்தா. தோல் மரத்தைவிடச் சிறந்த உராய்வைத் தந்ததுடன், தேய்ந்த பின் மாற்றுவதற்கும் எளிதாக இருந்தது. பிரேக் உறை என்னும் உறுப்பின் தொடக்கம் இதுவெனக் கூறப்படுகிறது.

7. மேடுகளில் ஏற இயலாமை

இது பழுது அன்று, வடிவமைப்பின் குறைபாடு. வண்டியும் மூன்று பயணிகளும் சேர்ந்து 500 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 1,360 வாட் திறன் தேவை. 2 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 1,470 வாட். கரடுமுரடான சாலையின் எதிர்ப்பையும், பட்டையிலும் சங்கிலியிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் பொறியின் திறன் போதாது. வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் இருந்தால் அதே பொறியைக் கொண்டு மெல்ல ஏறலாம். அத்தகைய கியர் அவ்வண்டியில் இல்லை. எனவே ஒருவர் வண்டியைச் செலுத்த, மற்ற இருவர் இறங்கித் தள்ளினர்.

திரும்பும் பயணம்

சில நாட்கள் தாய் வீட்டில் தங்கிய பின், பெர்த்தாவும் மகன்களும் அதே வண்டியில் மன்ஹைமுக்குத் திரும்பினர். இம்முறை ஏறத்தாழ 90 கி.மீ. கொண்ட குறுகிய வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

விளைவுகள்

பயணத்தின் உடனடி விளைவு வண்டியின் வடிவமைப்பில் ஏற்பட்ட மாற்றமாகும். மேடுகளில் ஏறுவதற்கென மேலும் ஒரு கியர் சேர்க்கப்பட வேண்டும் எனப் பெர்த்தா பரிந்துரைத்தார். இன்றைய சொல்லில் கூறுவதானால், இது ஒரு களச் சோதனை ஆகும். பட்டறையில் நன்கு இயங்கும் ஒரு பொறி, புழுதி, மேடு, வெப்பம், நீண்ட நேர ஓட்டம் ஆகியவை ஒருசேரத் தாக்கும்போது எங்கெங்கே தோற்கும் என்பதை இப்பயணம் ஒரே நாளில் பட்டியலிட்டுக் கொடுத்தது.

1888 ஆம் ஆண்டு செப்டம்பரில் மியூனிக் நகரில் நடந்த பொறிகள் கண்காட்சியில் கார்ல் பென்ஸ் தம் வண்டியைக் காட்சிப்படுத்திப் பொற்பதக்கம் பெற்றார். பாரிசைச் சேர்ந்த எமீல் ரோஜர் பிரான்சு நாட்டில் பென்ஸ் வண்டிகளை விற்கத் தொடங்கினார். எனினும் விற்பனை உடனே பெருகிவிடவில்லை. 1886 முதல் 1893 வரை காப்புரிமை மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 25 மட்டுமே உருவாக்கப்பட்டன. 1894 இல் வெளிவந்த வெலோ என்னும் சிறிய வண்டியே பெருமளவில் விற்பனையானது. 1899 இல் பென்ஸ் நிறுவனம் ஓராண்டில் 572 வண்டிகளை உருவாக்கி, உலகின் மிகப்பெரிய தானுந்து நிறுவனமாக விளங்கியது. 1926 இல் அது டைம்லர் நிறுவனத்துடன் இணைந்தது.

அன்றும் இன்றும்

இப்பயணத்தில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு பழுதுக்கும் பின்னாளில் ஒரு நிலையான தீர்வு தானுந்தினுள்ளேயே அமைக்கப்பட்டது.

* எரிபொருள் தீர்தல்: பெரிய தொட்டி, அளவுகாட்டி, எச்சரிக்கை விளக்கு.
* குழாய் அடைப்பு: எரிபொருள் வடிகட்டி. இதைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றாவிட்டால் 1888 இன் பழுது மீண்டும் தோன்றும்.
* காப்புத் தேய்வு: ரப்பர், சிலிக்கோன் உறையிட்ட கம்பிகள், பல புதிய பொறிகளில் ஒவ்வொரு செருகியின் மேலும் தனித் தூண்டுசுருள் பொருத்தப்படுவதால் நீண்ட கம்பியே தேவைப்படுவதில்லை.
* நீர் குறைதல்: மூடிய சுற்றில் அழுத்தத்துடன் சுழலும் குளிர்நீர், ரேடியேட்டர், விசிறி. அழுத்தத்தில் நீரின் கொதிநிலை உயர்வதால் நீர் எளிதில் ஆவியாகி வெளியேறுவதில்லை.
* பிரேக் தேய்வு: மாற்றத்தக்க உராய்வுப் பட்டைகள்.
* மேடு ஏறுதல்: பல படிகள் கொண்ட கியர் பெட்டி.

ஒரு வேறுபாட்டை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பெர்த்தாவின் வண்டியில் குளிர்நீர் அமைப்பு திறந்த ஒன்று. அதில் எப்போது வேண்டுமானாலும் நீர் ஊற்றலாம். இன்றைய தானுந்தில் பொறி மிகைச் சூடாகியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தம் திடீரெனக் குறைந்து, கொதிநீரும் ஆவியும் பீறிட்டுக் கடுமையான தீப்புண்ணை ஏற்படுத்தும். வெப்பமானி சிவப்பு எல்லையைத் தொட்டால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பொறியை அணைத்து, அது நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும்.

வரலாற்று மதிப்பீடு

கார்ல் பென்ஸ் 1925 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் இப்பயணத்தை விவரிக்கும் முதன்மையான சான்றுகளுள் ஒன்று. அது நிகழ்வுக்கு 37 ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. ஆகவே தொப்பி ஊசி, காலுறைப் பட்டை முதலிய விவரங்களைக் குடும்ப நினைவுகளாகவே கொள்வது பொருத்தம். அவற்றின் தொழில்நுட்ப உள்ளடக்கம் அக்கால வண்டியின் அமைப்புடன் முரண்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

மற்றொன்று, இப்பயணத்தை ஒருவரின் தனித்த சாதனையாக மட்டும் காண்பதும் முழுமையன்று. மகன்கள் இருவரும் வண்டியைச் செலுத்தியும் தள்ளியும் சம பங்காற்றினர். மருந்துக் கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர் ஆகிய மூவரின் பங்களிப்பும் இன்றியமையாதது. அவர்களுள் எவரும் அதற்கு முன் தானுந்து ஒன்றைப் பழுதுபார்த்திருக்க வாய்ப்பில்லை. எனினும் எந்தப் பழுதை எவரிடம் கொண்டு செல்வது என்னும் முடிவு பெர்த்தாவுடையது. பிரேக் கட்டையைத் தச்சரிடம் கொடுத்துப் புதிய மரம் பொருத்தச் செய்யாமல், தோலில் கைதேர்ந்தவரிடம் கொண்டு சென்றது இதற்குச் சான்று.

நினைவுகள்

* கார்ல் பென்ஸ் 1929 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் நாள் லாடன்பர்க் நகரில் காலமானார்.
* 1944 ஆம் ஆண்டு தம் 95 ஆவது பிறந்தநாளன்று, கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு செனட்டர் என்னும் சிறப்பைப் பெர்த்தா பெற்றார். இரண்டு நாட்கள் கழித்து, மே 5 ஆம் நாள், லாடன்பர்க்கில் அவர் காலமானார்.
* வீஸ்லொக் மருந்துக் கடையின் முன் இப்பயணத்தை நினைவுகூரும் சின்னம் ஒன்று நிறுவப்பட்டுள்ளது.
* 2008 இல், போக்குவரத்து வழிகள் இரண்டையும் உள்ளடக்கிய 194 கி.மீ. நீளமுள்ள 'பெர்த்தா பென்ஸ் நினைவு வழித்தடம்' அதிகாரமுறையாக ஏற்கப்பட்டது. இதில் வழிகாட்டிப் பலகைகள் நடப்பட்டுள்ளன.
* 2011 இல் கார்ல், பெர்த்தா இருவரின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட ஜெர்மானியத் தொலைக்காட்சித் திரைப்படம் வெளிவந்தது.
* 2016 இல் அமெரிக்காவிலுள்ள தானுந்துப் புகழ் மண்டபத்தில் பெர்த்தாவின் பெயர் சேர்க்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* கார்ல் பென்ஸ்
* உள் எரி பொறி
* நான்கு வீச்சுப் பொறி
* கார்புரேட்டர்
* ரேடியேட்டர்
* தானுந்து வரலாறு